நெற்றிக்கு ஒன்று, தாடைக்கு ஒன்று: கொலோன், ஆஃப்டர் ஷேவ் வரலாறு

கொலோன் என்பது ஓர் ஊரின் பெயர். ஆஃப்டர் ஷேவ் என்பது ஒரு வேளையின் பெயர். சவரம் முடிந்த கையோடு தடவிக்கொள்வது. கடை அலமாரியில் இரண்டும் அடுத்தடுத்து நிற்கும். புட்டியும் நிறமும், சில சமயம் வாசனையும்கூட ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே இருக்கும் அடிப்படைச் சரக்கும் ஒன்றுதான்: ஆல்கஹால், தண்ணீர், வாசனை எண்ணெய். அளவும் துணைப்பொருளும்தான் வேறு. கொலோனில் வாசனை எண்ணெய் பொதுவாக 2 முதல் 5 சதவீதம் வரை இருக்கும். ஆஃப்டர் ஷேவில் 1 முதல் 3 சதவீதம். அந்தக் குறைந்த வாசனையோடு, மழித்த தோலை ஆற்றுவதற்கான பொருள்கள் ஆஃப்டர் ஷேவில் சேர்கின்றன. ஒன்றைச் செய்தவர் வாசனைத் திரவிய வியாபாரி. மற்றொன்று சலூனிலும் மருந்துக்கடையிலும் பிறந்தது. இரண்டுக்கும் அடிப்படை ஒரே சாராயம்தான்.

ரைன் கரையில் ஓர் இத்தாலியர்

மூலிகையைச் சாராயத்தில் ஊறவைத்து வடித்த நீர் ஐரோப்பாவுக்குப் புதிதல்ல. ரோஸ்மேரியைச் சேர்த்துச் செய்த ‘ஹங்கேரி நீர்’ கொலோனுக்குப் பல தலைமுறை முந்தியது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் ‘ஆக்வா மிராபிலிஸ்’, அதாவது அதிசய நீர், என்ற பெயரில் இத்தகைய மருந்து நீர்கள் விற்பனையாயின. வயிற்றுவலி, தலைச்சுற்றல், மயக்கம் என்று எதற்கும் அதில் சில சொட்டு குடிப்பார்கள். வட இத்தாலியின் விஜெட்ஸோ பள்ளத்தாக்கிலிருந்து கொலோனுக்குப் பிழைக்க வந்த ஜொவான்னி பாவ்லோ ஃபெமினிஸ் இப்படி ஒரு நீரை அங்கே விற்றார்.

அதே பள்ளத்தாக்கில் 1685இல் பிறந்தவர் ஜொவான்னி மரியா ஃபரீனா. ஜெர்மன் வழக்கில் யோஹான் மரியா ஃபரீனா. அவருடைய அண்ணன் 1709இல் கொலோனில் கடை வைத்தார். பட்டு, சரிகை, கைக்குட்டை, பொடி டப்பா முதலான பகட்டுச் சாமான்கள்தான் அங்கே முதல் சரக்கு. 1714இல் தம்பி கூட்டாளியானார். அவர் கைக்கு வந்த பின் வாசனை நீரே கடையின் அடையாளமாயிற்று. 1708இல் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில், தான் கண்டுபிடித்த மணம் மழை ஓய்ந்த இத்தாலிய வசந்தக் காலையையும் மலைப்பூக்களையும் ஆரஞ்சு மலரையும் நினைவூட்டுவதாக அவர் குறிப்பிட்டார். குடியேறிய ஊரைக் கௌரவிக்கும் விதத்தில் அதற்கு அந்த ஊரின் பெயரையே வைத்தார்.

அந்தக் காலத்து வாசனைகள் கனமானவை. கஸ்தூரி, புனுகு, அம்பர், சந்தனம் ஆகியவை உடல் நாற்றத்தை அமுக்கி மூடப் பயன்பட்டன. ஃபரீனா இதற்கு நேர்மாறான திசையில் போனார். பெர்கமாட் என்ற எலுமிச்சை இனக் கனியின் தோல் எண்ணெய், எலுமிச்சை, ஆரஞ்சு, ஆரஞ்சுப் பூவிலிருந்து வடிக்கும் நெரோலி ஆகியவை கொலோன் வகைக்கு உயிர். லாவெண்டரும் ரோஸ்மேரியும் துணைக்கு வரும். இவை எல்லாம் கலப்பில்லாத திராட்சைச் சாராயத்தில் கரையும். விளைச்சல் ஆண்டுக்கு ஆண்டு மாறும். ஒரு வருடத்துப் பெர்கமாட் மறு வருடத்துப் பெர்கமாட் போல மணக்காது. பல இடத்து, பல பருவத்து எண்ணெய்களை மூக்கால் அளந்து கலந்து, எந்தப் புட்டியைத் திறந்தாலும் ஒரே வாசனை வரும்படி செய்ததுதான் ஃபரீனாவின் தொழில் வித்தை. கொலோன் பேராயரும் ஆட்சியாளருமான கிளெமென்ஸ் ஆகுஸ்ட் அவருடைய வாடிக்கையாளர்களில் ஒருவர்.

1756 முதல் 1763 வரை நடந்த ஏழாண்டுப் போரின்போது பிரெஞ்சுப் படையினர் கொலோனில் தங்கினார்கள். ஊர் திரும்பும்போது புட்டிகளை எடுத்துச் சென்றார்கள். ஜெர்மன் ஊரில் இத்தாலியர் செய்த நீருக்கு ‘ஓ த கொலோன்’, கொலோன் நீர், என்ற பிரெஞ்சுப் பெயர் உலகெங்கும் நிலைத்தது இப்படித்தான்.

மருந்தா, மணமா

ஃபரீனாவின் நீர் மூக்குக்காகச் செய்யப்பட்டது என்றாலும், வாங்கியவர்கள் அதை வெறும் வாசனையாகப் பார்க்கவில்லை. சர்க்கரைக் கட்டியில் சொட்டுவிட்டுத் தின்றார்கள், மதுவில் கலந்து குடித்தார்கள், குளிக்கும் நீரில் ஊற்றினார்கள், வாய் கொப்பளித்தார்கள், காயத்தில் தடவினார்கள். நெப்போலியன் இதைத் தலையிலும் தோளிலும் தாராளமாக ஊற்றித் தேய்த்துக்கொண்டதை அவருடைய பணியாளரின் நினைவுக் குறிப்புகள் சொல்கின்றன.

மருந்தையும் மணத்தையும் பிரித்தது அதே நெப்போலியனின் சட்டம். ரகசிய மருந்து விற்பவர்கள் அதன் செய்முறையை அரசிடம் வெளிப்படுத்த வேண்டும் என்று 1810இல் ஆணை வந்தது. கொலோன் அப்போது பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. செய்முறையைச் சொன்னால் தொழில் போய்விடும். குடிக்கும் மருந்து என்ற உரிமைகோரலைக் கைவிட்டு, மேலுக்குப் பூசும் வாசனை நீர் என்று விற்றால் ரகசியம் தங்கும். வியாபாரிகள் இரண்டாம் வழியைத் தேர்ந்தார்கள். அன்று முதல் சட்டத்தின் கண்ணில் கொலோன் ஒரு வாசனைப் பொருள்.

வீட்டு எண் 4711

பிரெஞ்சுப் படை 1794இல் கொலோனைப் பிடித்த காலத்தில், ஊரிலுள்ள வீடுகளுக்கெல்லாம் தெரு வேறுபாடின்றி ஒரே வரிசையில் எண் போடப்பட்டது. குளோக்கன்காசெ, அதாவது மணித்தெரு, என்ற தெருவிலிருந்த ஒரு வீட்டுக்குக் கிடைத்த எண் 4711. அங்கே வில்ஹெல்ம் மியூலென்ஸ் வாசனை நீர் செய்து விற்றார். 1792இல் அவருடைய திருமணத்துக்கு ஒரு துறவி செய்முறைத் தாளைப் பரிசளித்தார் என்பது அந்த நிறுவனம் சொல்லிவரும் கதை.

ஃபரீனா என்ற பெயருக்குச் சந்தையில் இருந்த மதிப்பு காரணமாக, அந்தக் குடும்பப்பெயர் கொண்ட இத்தாலியர்களைத் தேடிப்பிடித்து, பெயரைப் பயன்படுத்தும் உரிமையை விலைக்கு வாங்கும் பழக்கம் கொலோனில் பரவியது. மியூலென்ஸும் 1803இல் அப்படி ஒரு பெயரை வாங்கினார். வழக்குகள் பல பத்தாண்டுகள் நீண்டன. வணிகச் சின்னங்களைப் பதிவு செய்யும் சட்டம் ஜெர்மனியில் 1874இல் வந்தது. 1881இல் மியூலென்ஸ் குடும்பம் ஃபரீனா பெயரை விட்டுவிட நேர்ந்தது. பழைய வீட்டு எண்ணையே முகவரியாக்கிக் கொண்டது. நீலமும் பொன்னும் கலந்த லேபிளில் இன்றும் அந்த நான்கு இலக்கங்கள் இருக்கின்றன.

ஃபரீனா வம்சத்தில் வந்த இன்னொருவர் 1806இல் பாரிஸில் கடை திறந்தார். அந்தக் கடையின் உரிமை 1862இல் ரோஜே எ கல்லே நிறுவனத்தின் கைக்கு வந்தது. 1853இல் பியேர் ஃபிரான்சுவா கெர்லேன் பேரரசி யூஜெனிக்காக ஒரு கொலோன் செய்தார். ஊரின் பெயர் பொருளின் வகைப்பெயராயிற்று. இன்று எந்த நாட்டிலும் கொலோன் செய்யலாம். ‘கோல்னிஷ் வாஸர்’ என்ற ஜெர்மன் பெயர் மட்டும் கொலோன் நகரத் தயாரிப்புக்கே உரியதாகக் காக்கப்படுகிறது.

சவரப்பெட்டியின் பக்கம்

ஆஃப்டர் ஷேவின் கதைக்கு ஒரு கண்டுபிடிப்பாளர் கிடையாது. சவரக்கத்தி இருந்த இடமெல்லாம் அதன் முன்னோடிகள் இருந்தன. கத்தி மயிரை மட்டும் எடுப்பதில்லை. தோலின் மேலடுக்கையும் மெல்லியதாகச் சீவி எடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் எரிச்சலும், சில இடங்களில் இரத்தப் பொட்டும் வரும். கிருமிக்கு வாசல் திறக்கும்.

இதற்குப் பழைய மருந்து படிகாரம். தமிழ்நாட்டுச் சலூன்களில் கண்ணாடிக்கு முன்னால், பனிக்கட்டித் துண்டு போல, ஓரங்கள் தேய்ந்து மழுங்கிய ஒரு கல் கிடக்கும். சவரம் முடிந்ததும் அதைத் தண்ணீரில் நனைத்து இரண்டு கன்னத்திலும் தாடைக்கு அடியிலும் இழுப்பார்கள். சுருக்கென்று கடிக்கும்; பிறகு தோல் இறுகியது போலிருக்கும். படிகாரம் இரத்தத்திலும் தோலிலும் உள்ள புரதத்தைத் திரளச் செய்வதால் சிறு காயத்தின் வாய் மூடுகிறது. துவர்ப்புத் தன்மை என்பது இதுதான்.

பழனியிலும் சமயபுரத்திலும் மொட்டை போட்டவுடன் தலையில் சந்தனம் அரைத்துப் பூசுவது இதே தேவையின் இன்னொரு பதில். எரியும் மண்டையைக் குளிரவைக்கிறது, மணக்கவும் செய்கிறது. சாராயமில்லாத ஆஃப்டர் ஷேவ் என்று அதைச் சொல்வதில் தவறில்லை.

படிகாரக் கல்லில் ஒரு குறை உண்டு. ஒரே கல் பத்து முகத்தில் ஏறினால் ஒருவர் முகத்துப் படை அடுத்தவருக்கும் ஒட்டும். தாடிப் பகுதியில் வரும் பூஞ்சைப் படையும் மயிர்க்கால் சீழ்க்கொப்புளமும் சவரக்கடைகள் வழியே பரவுவதை மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் பல சலூன் சுகாதார விதிகளை எழுதியபோது, பொதுப் படிகாரக் கல்லைத் தடுத்து, பொடியாகவோ திரவமாகவோ மட்டும் பயன்படுத்தச் சொன்னன. புட்டியிலிருந்து ஊற்றும் திரவத்துக்கு இது நல்ல காலம்.

கரீபியன் இலையும் ரம்மும்

அந்தப் புட்டிகளில் பேர்பெற்றது பே ரம். கரீபியக் கடலில் டென்மார்க் வசமிருந்த செயின்ட் தாமஸ் தீவு அதற்குத் தாயகம். பிமென்டா ராசிமோசா என்ற மரத்தின் இலை கிராம்பு போல மணக்கும். அதை ரம்மோடு சேர்த்துக் காய்ச்சி வடிப்பார்கள். ஆல்பர்ட் ஹைன்ரிஷ் ரீசே என்ற டேனிஷ் மருந்தாளர் 1838இல் அந்தத் தீவில் மருந்துக்கடை உரிமம் பெற்றார். பே ரம்மைப் பெரிய வணிகமாக்கியவர்களில் அவர் முதன்மையானவர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பகுதியில் அமெரிக்கச் சலூன்கள் தோறும் பே ரம் புட்டி இருந்தது. ஃபரீனாவின் நீர் அரண்மனை வழியாகப் பரவியது. பே ரம் சவர நாற்காலி வழியாகப் பரவியது.

வட அமெரிக்கக் காட்டுச் செடியான விச் ஹேசலும் இதே காலத்தில் வணிகத்துக்கு வந்தது. அதன் பட்டையிலும் கிளையிலும் வடித்த நீர் துவர்ப்பானது; படிகாரம் போலக் கடிக்காது. கனெக்டிகட் மாநிலம் இதற்குப் பேர்போனது.

கத்தி வீட்டுக்கு வந்தது

அதுவரை நல்ல சவரம் என்பது வேறொருவர் கையால் நடப்பது. சாணை பிடித்த நீளக்கத்தியைத் தன் கழுத்தில் தானே வைத்துக்கொள்ளப் பழக்கமும் துணிவும் வேண்டும். கிங் கேம்ப் ஜில்லெட் 1903இல் தேய்ந்தால் தூக்கி எறியும் பிளேடு கொண்ட பாதுகாப்பு ரேசரை விற்கத் தொடங்கினார். 1904இல் காப்புரிமை கிடைத்தது. முதல் உலகப்போரில் அமெரிக்கா இறங்கியபோது, அந்நாட்டுச் சிப்பாய்களின் கையில் இது அரசுச் செலவில் வந்தது. போர் முடிந்து ஊர் திரும்பிய இலட்சக்கணக்கான ஆண்களுக்குத் தினமும் வீட்டிலேயே மழிப்பது பழக்கமாகிவிட்டது. சலூன்காரர் கடைசியில் தட்டிவிடும் அந்தத் திரவமும் வீட்டுக்கு வேண்டியதாயிற்று.

கனெக்டிகட்டின் ஜே. பி. வில்லியம்ஸ் சவரச் சோப்பு நிறுவனம் 1917இல் ‘அக்வா வெல்வா’வை அறிமுகப்படுத்தியது. 1938இல் ஷுல்டன் நிறுவனம் ஆண்களுக்கான ‘ஓல்டு ஸ்பைஸ்’ வரிசையை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனர் வில்லியம் லைட்ஃபுட் ஷுல்ட்ஸ் அதற்கு முந்தைய ஆண்டு அதே பெயரில் பெண்களுக்கு ஒரு வாசனை வெளியிட்டிருந்தார். தன் தாய் ஜாடியில் போட்டுவைக்கும் உலர்ந்த பூ, மசாலாக் கலவையின் மணம் அதற்குத் தூண்டுதல். ஆண்களுக்கான புட்டியில் பூவுக்குப் பதில் பாய்மரக் கப்பல் வந்தது.

அந்தக் கப்பலுக்குக் காரணம் உண்டு. வாசனை பூசுவது பெண்களின் வேலை என்று நினைத்த சமூகத்தில், ஓர் ஆண் தன் மேல் மணம் ஏற்றிக்கொள்ளக் கௌரவமான சாக்கு தேவைப்பட்டது. கீறலுக்கு மருந்து என்பது நல்ல சாக்கு. மருந்தாக விற்கப்பட்ட கொலோன் 1810இல் வாசனையாக மாறியது. நூறாண்டு கழித்து வாசனை மீண்டும் மருந்து வேடம் போட்டுக்கொண்டு ஆண்களின் குளியலறைக்குள் நுழைந்தது. 1960களில் அந்தத் தயக்கம் தளர்ந்தது. ஃபேபர்ஜே நிறுவனத்தின் ‘ப்ரூட்’ 1964இல் வந்தது. எட்மோன் ரூத்னிட்ஸ்கா செய்த டியோரின் ‘ஓ சோவாஜ்’ 1966இல் வந்தது. எலுமிச்சையும் பெர்கமாட்டும் கொண்ட பழைய கொலோன் அமைப்பை அது புதுப்பித்து ஆண்களுக்குக் கொடுத்தது. அதன் பிறகு ஒரே பெயரில், ஒரே மணத்தில், வாசனையாக ஒரு புட்டியும் ஆஃப்டர் ஷேவாக ஒரு புட்டியும் விற்பது வழக்கமாயிற்று. இன்றைய குழப்பத்துக்கு இந்த இரட்டைப் புட்டி ஒரு காரணம்.

தோலில் நடப்பது

ஆஃப்டர் ஷேவ் பட்டதும் எரிவது ஆல்கஹாலால். வெப்பத்தை உணரும் நரம்பு முனைகள் சாதாரணமாக 42 பாகை செல்சியஸ் அளவில்தான் சூடு என்று கூவும். ஆல்கஹால் அந்த வரம்பை உடல் வெப்பத்துக்கும் கீழே இறக்கிவிடுகிறது. தோலுக்குத் தன் சூடே நெருப்பாகத் தெரிகிறது. சில நொடியில் ஆல்கஹால் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டு போவதால் எரிச்சல் குளிர்ச்சியாக மாறுகிறது. மெந்தால் சேர்ந்திருந்தால் குளிரை உணரும் நரம்பையும் அது தட்டி எழுப்பும். உண்மையில் தோலின் வெப்பம் அவ்வளவு குறைந்திருக்காது.

ஆல்கஹால் கிருமியைக் கொல்லும், தோலை உலர்த்தவும் செய்யும். அதனால் ஆஃப்டர் ஷேவில் ஈரம் பிடித்துவைக்கும் கிளிசரினும் விச் ஹேசல் போன்ற துவர்ப்புப் பொருளும் சேர்கின்றன. வறண்ட தோலுக்கென்று ஆல்கஹாலே இல்லாத களிம்பு வகை தனியாக வந்தது. கொலோனில் இந்தத் துணைப்பொருள்கள் கிடையாது; ஆல்கஹாலும் வாசனை எண்ணெயும் கூடுதல். மழித்த கன்னத்தில் ஊற்றினால் எரியும், உலர்த்தும், ஆற்றாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. பதப்படுத்தாத பெர்கமாட் எண்ணெயில் பெர்காப்டென் என்ற பொருள் இருக்கிறது. அது பட்ட தோலில் வெயில் விழுந்தால் சிவந்து, பிறகு மாதக்கணக்கில் கருமை படியும். காதுக்குப் பின்னால் தடவிய கொலோன் கழுத்தில் வழிந்த தடத்திலேயே, தொங்கட்டான் போன்ற வடிவில், கருப்புக் கறை விழுவதைத் தோல் மருத்துவர்கள் கவனித்தார்கள். தொங்கட்டானைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து அதற்கு ‘பெர்லாக்’ தோலழற்சி என்று பெயர் வந்தது. இப்போது பெர்காப்டெனை நீக்கிய பெர்கமாட் எண்ணெயே பெரும்பாலும் பயன்படுகிறது.

ஊருக்கு ஒரு வழக்கம்

பெயர்கள் எல்லை தாண்டும்போது பொருளும் மாறுகிறது. பிரெஞ்சு வகைப்பாட்டில் கொலோன் என்பது செறிவு குறைந்த வாசனை நீர்; அதற்கு மேலே ஓ த துவாலெத், ஓ த பர்ஃப்யூம் என்று செறிவு கூடிக்கொண்டே போகும். அமெரிக்கப் பேச்சிலோ ஆண்கள் பூசும் வாசனை எதுவானாலும் கொலோன்தான், செறிவு எவ்வளவாக இருந்தாலும். பிரிட்டனில் பலர் அதே வாசனைகளை ஆஃப்டர் ஷேவ் என்றே சொல்வார்கள்.

சோவியத் நாட்டுச் சலூன்களில் இந்த வேறுபாடே இருக்கவில்லை. ‘த்ரோய்னோய்’ என்ற மலிவான கொலோனை, ரப்பர் பந்து பொருத்திய தெளிப்பானால் சவரம் செய்த முகத்தில் அடிப்பார்கள். துருக்கியில் கொலோன் விருந்தோம்பலின் பகுதி. ‘கொலோன்யா’ என்ற பெயரில் ஏறக்குறைய 80 சதவீத ஆல்கஹாலோடு வருவது. வீட்டுக்கு வந்த விருந்தினரின் உள்ளங்கையில் முதலில் அதைத்தான் ஊற்றுவார்கள். 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, கை சுத்தம் செய்ய அதை வாங்க மக்கள் வரிசையில் நின்றார்கள். அரசு பெட்ரோலில் எத்தனால் கலக்கும் கட்டாயத்தைத் தற்காலிகமாகத் தளர்த்தி, எத்தனாலை அந்தப் பக்கம் திருப்பியது.

தமிழர் வீடுகளுக்குக் கொலோன் வாசனையாக வரவில்லை. ‘ஓடிகொலோன்’, ‘யூடிகோலன்’ என்று வாயில் உருமாறி, மருந்துக்கடைப் பொருளாக வந்தது. காய்ச்சலில் கிடப்பவரின் நெற்றியில் போடும் ஈரத்துணியில் சில சொட்டு. தலைவலிக்குக் கைக்குட்டையில் சில சொட்டு. ஆவியாகும்போது குளிரும் என்ற இயற்பியலே இங்கும் வேலை செய்கிறது. இலங்கையில் கைக்குழந்தைகளுக்கென்றே தனிக் கொலோன் விற்பனையாகிறது. குழந்தையைப் பார்க்கப் போகிறவர்கள் சோப்போடும் பவுடரோடும் அதையும் வாங்கிப் போவார்கள். நெப்போலியனின் ஆணை ஐரோப்பாவில் பிரித்துவைத்த மருந்தும் மணமும் இங்கே பிரியாமலே இருந்தன. ஆஃப்டர் ஷேவ் தமிழ்நாட்டில் நடுத்தர வர்க்க ஆண்களிடையே பரவியது மிகவும் பிந்தி. சலூன்களில் படிகாரக் கல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

எது எங்கே பூசப்பட வேண்டும் என்பதில் குழப்பத்துக்கு இடமில்லை. கத்தி பட்ட இடத்துக்கு ஆஃப்டர் ஷேவ். கத்தி படாத மணிக்கட்டு, மார்பு, உடை, கைக்குட்டைக்குக் கொலோன். ஆஃப்டர் ஷேவின் மணம் சிறிது நேரத்தில் மறைந்துவிடும். எலுமிச்சை இன எண்ணெய்கள் விரைவில் ஆவியாவதால் மரபான கொலோனும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிற்பது அரிது. நாள் முழுக்க மணக்க வேண்டுமென்பவருக்கு இரண்டுமே ஏற்றவையல்ல.